வார்டுத் தலைவருக்குப் பாராட்டு

நீரு போனபோது சூடாமணி பௌடேல் வீட்டு முற்றத்தில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். புது டாக்காத் தொப்பி, நேபாளத்து ஆண்கள் விசேஷத்துக்குப் போடுவது. மனைவி எதிரே கண்ணாடியைப் பிடித்திருந்தாள்.

"சாஞ்சிருக்கா?"

"சாஞ்சாத்தான் ஓட்டு விழும்னு நீங்கதானே சொன்னீங்க."

நீருவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வா தங்கச்சி. என்ன நடந்து வர்ற. கோமா வண்டியில கொண்டாந்து விடலையா?"

"கோமா செத்துப்போயிட்டா, தலைவரே."

சூடாமணி தொப்பியைக் கழற்றினார். அவர் மனைவி கண்ணாடியை இறுக்கமாக நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

நேற்று மாலை கோமா பேட்டரி ஆட்டோவில் பாலத்தடியில் திரும்பும்போது மணல் லாரி மோதியது. பரத்பூர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பிணவறை வாசலில் நீரு விடியும்வரை நின்றாள். காலையில் கோமாவின் அப்பா டேக் பகதூர் கட்கா ஜீப்பில் வந்தார். கோமா அவர் வீட்டைவிட்டு வந்த பிறகு ஒரு தசைன் பண்டிகைக்குக்கூட நெற்றியில் திலகம் வைக்கக் கூப்பிடாதவர். போலீஸ்காரர் உறவு என்ன என்று இருவரையும் கேட்டார். அப்பா என்றார் அவர். மனைவி என்றாள் இவள். போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடலை அப்பாவிடம் ஒப்படைத்தார். ஜீப்பில் இடமில்லை என்றார்கள். பேருந்து பிடித்து வந்தாள்.

"இன்னிக்கே எரிக்கிறாங்க," என்றாள். "ஆத்தங்கரைக்குக் கொண்டுபோயிட்டாங்க. என்னைக் கிட்ட விடமாட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"நான் அவ பொண்டாட்டின்னு. முகத்தை ஒருதரம் பார்த்து, வாயில தண்ணி விடணும். பொண்டாட்டியா விடணும். வேற ஒண்ணும் கேக்கல. வீடு, வண்டி, எதுவும் வேணாம்."

சூடாமணி அவள் தலையில் கை வைத்தார். அவர் கண் நிறைந்திருந்தது. அது நடிப்பு இல்லை. இரண்டு பெண்களின் கல்யாணத்தைப் பதியலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் மற்ற அலுவலகங்களில் இவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஓர் இடத்தில் கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் டீ வாங்கிக் கொடுத்துப் புத்தி சொன்னார்கள். சூடாமணிதான் தன் வார்டுச் செயலாளரைக் கூப்பிட்டு, "ஜெயிலுக்குப் போனா நான் போறேன், நீ எழுது," என்றார். அதற்காக எதிர்க்கட்சி அவர் படத்துக்குப் புடவை கட்டிச் சுவரில் ஒட்டியது. அந்தச் சுவரொட்டியை அவர் கிழிக்கச் சொல்லவில்லை.

"கட்காக்கள் என் ஆளுங்கதான்," என்றார். "கோமாவோட அண்ணன் நவராஜ் என் கூடத்தான் தேர்தல் வேலை பார்த்தான். என் பேச்சைத் தட்டமாட்டான். ஆனா இப்ப விழா இருக்கேம்மா. காட்மாண்டுலருந்து வந்து உட்கார்ந்திருக்காங்க. மேயர் வர்றாரு. முடிஞ்சதும் நேரா ஆத்தங்கரை. என் ஜீப்லயே நீயும் வா."

"அதுக்குள்ள எரிச்சுட்டா?"

"விறகு வரணும், பண்டிதர் வரணும். அவ்வளவு சீக்கிரமா எரிச்சுடுவாங்க?" கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். "அதோட நீ இல்லாம விழா எப்படி. ஃப்ளெக்ஸ்ல உங்க படந்தானே."

நகரசபை மண்டபத்தின் முகப்பில் அந்த ஃப்ளெக்ஸ் இருந்தது. நடுவில் சூடாமணி. ஒரு பக்கம் நீரு, சிவப்புப் புடவையில். மறுபக்கம் கோமா, கோட்டும் குட்டை முடியுமாக, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துச் சிரித்தபடி. சமத்துவத் திருமணத்தின் வழிகாட்டி என்று மேலே எழுதியிருந்தது. வழிகாட்டி என்றது சூடாமணியை.

விழாவை நடத்தும் காட்மாண்டு உரிமை அமைப்பிலிருந்து வந்த சிர்ஜனா, நீருவை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். சூடாமணி விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். கைக்குட்டையால் மை கலையாமல் துடைத்தாள்.

"அக்கா, உங்க இடத்துல நான் இருந்தா எழுந்து நிக்கக்கூட முடியாது. நீங்க இங்க வந்திருக்கீங்க. எவ்வளவு பெரிய விஷயம்."

"நான் இவரைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"நிச்சயமா. நிகழ்ச்சியைச் சுருக்கிடலாம்." உதவியாளரிடம் திரும்பினாள். "மேடையில கோமா நாற்காலியை எடுக்க வேணாம். காலியா இருக்கட்டும். ஒரு மாலை போடுங்க. வெள்ளை."

மேயர் வரவில்லை. வந்துகொண்டிருந்தார். மேயர் இல்லாமல் தொடங்க முடியாது. தொடங்கினால் அடுத்த ஆண்டு மண்டபம் கிடைக்காது. எல்லோருக்கும் பூரியும் கடலைக் கறியும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். நீரு தன்னுடையதை மடியில் வைத்திருந்தாள். பின்வரிசையில் இருவர் பேசிக்கொண்டது கேட்டது.

"இதுல புருஷன் எது?"

"செத்துப்போனது."

"அப்போ இது விதவையா?"

"அது எப்படிரா. இது தனியா நின்னா சாதாரணப் பொம்பளைதானே. சேர்ந்து நின்னாத்தான் கணக்கு."

"அந்தப் பூரியைத் திங்குமா திங்காதா, கேளு."

மேயர் வந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, பதவி சொல்லி, மேடைக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவரும் வணங்கியபடி ஏறி, இன்னொருவரை முதலில் உட்காரச் சொல்லி, பிறகு உட்கார்ந்தார்கள். முன்னாள் வார்டுத் தலைவர்கள் அழைக்கப்பட்டார்கள். பெண்கள் கூட்டுறவுச் சங்கத் தலைவி அழைக்கப்பட்டாள். விட்டுப்போன ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போக, நாற்காலி கொண்டுவந்து அவரையும் ஏற்றினார்கள். கோமாவின் நாற்காலியைக் கேட்டார்கள். சிர்ஜனா கொடுக்கவில்லை.

இரண்டாவது பேச்சு நடக்கும்போது சூடாமணியின் போன் அடித்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். மேடையில் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த நீருவுக்கு எல்லாம் கேட்டது.

"சொல்லு நவராஜ். கேள்விப்பட்டேன்டா. மனசு ஆறல. வர்றேன். வராம இருப்பேனா. என்னை விட்டுட்டுத் தீ வெச்சுடாதீங்க."

போனைப் பைக்குள் போட்டு, அவள் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியா. எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க. இனி பயமில்ல."

"என்னைப் பத்திச் சொல்லலையே."

"போன்ல பேசற விஷயமா தங்கச்சி அது. நேர்ல, தோள்ல கை போட்டுப் பேசணும்."

பிறகு பாராட்டு. மேயர் சூடாமணிக்கு வெள்ளைப் பட்டுத் துண்டு போட்டார். காதா என்று சொல்லும் அந்தத் துண்டை இங்கே வரவேற்புக்கும் போடுவார்கள், வழியனுப்பவும் போடுவார்கள். சாமந்தி மாலை விழுந்தது. தட்டிலிருந்து சிவப்பு அபீர்ப் பொடியை அள்ளி நெற்றியிலும் கன்னத்திலும் பூசினார்கள். அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். சூடாமணியின் முகம் மறைந்து பல் மட்டும் தெரிந்தது. மீன் உருவம் பொறித்த பித்தளைக் கேடயத்தைக் கொடுத்தார்கள். மேயர், தன் ஆட்சியில் எல்லோருக்கும் கல்யாணம் உண்டு, தனக்குத்தான் இன்னொன்று கிடையாது என்றார். கூட்டம் சிரித்தது.

சூடாமணி மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாலை எனக்கில்ல," என்றார். குரல் உடைந்தது. "இந்தப் பொண்ணுக்கு. நேத்து சாயங்காலம் இவளோட கோமா நம்மை விட்டுப் போயிட்டா. இருந்தும் வந்திருக்கா. எதுக்கு? நன்றி சொல்ல."

நீருவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். தன் மாலைகளில் ஒன்றைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். தட்டு பக்கத்திலேயே இருந்தது. விழாக்களில் பழகிப்போன கை, தானாக அள்ளியது. நெற்றியில் வைத்தார், கன்னத்தில் பூசினார், தலையில் தூவினார். துக்கத்தில் இருப்பவளுக்கு அது ஆகாது என்பது அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாததல்ல. ஆனால் தலைவர் பூசிவிட்டார். மேயரும் பூசினார். கூட்டுறவுச் சங்கத் தலைவியும் கொஞ்சம் எடுத்துப் பூசினாள். சிர்ஜனா படம் எடுத்தாள்.

"கோமாவுக்காக ஒரு நிமிஷ மௌனம்," என்றார் சூடாமணி.

எல்லோரும் எழுந்தார்கள். மௌனத்தில் யாரோ பூரிப் பொட்டலத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. முடிந்ததும் பள்ளிக்கூடப் பெண்கள் ஆடுவதற்கு மேடையை ஒழித்தார்கள்.

"இப்பப் போலாமா?" என்றாள் நீரு.

"மூணு பாட்டுதான். அப்புறம் மேயரோட ரெண்டு வாய் சாப்பாடு. அவரை விட்டுட்டு எழுந்திருக்க முடியுமா, நீயே சொல்லு."

நீரு பக்கவாட்டுக் கதவால் வெளியே போனாள். ஆட்டோ நிறுத்தத்தில் கோமாவுடன் ஓட்டுகிறவர்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் சாவுக்குப் போயிருந்தார்கள். நடந்தாள். வழியில் மாலையைக் கழற்றி வேலியில் மாட்டினாள். முகத்தைப் பற்றி நினைக்கவில்லை.

ஆற்றங்கரையில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். விறகு அடுக்கிவிட்டார்கள். மஞ்சள் துணி போர்த்திய உடல் பச்சை மூங்கிலில் கட்டி, கால் நீரில் படும்படி கிடந்தது. யாரும் அழவில்லை. தலைவர் ஜீப் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவள் நீரு.

கோமாவின் அண்ணன் நவராஜ் முதலில் பார்த்தான். மொட்டை அடிக்க உட்கார்ந்திருந்தான். பாதி மழித்த தலையோடு எழுந்து வந்தான்.

"அங்கேயே நில்லு."

"அண்ணா, முகத்தை ஒருதரம் பாக்கணும்."

"யாருக்கு யாரு அண்ணன்?"

"நான் அவ பொண்டாட்டி. தண்ணி விட்டுட்டுப் போயிடறேன்."

நவராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவளைத் தோளைப் பிடித்து மற்றவர்கள் பக்கம் திருப்பினான்.

"பாருங்க. பொண்டாட்டியாம். மூஞ்சியைப் பாருங்க."

நீரு கன்னத்தைத் தொட்டாள். விரல் சிவப்பாக வந்தது.

"ஹோலி ஆடிட்டு வர்றியா?"

"விழாவுல பூசிட்டாங்க. நான் கேக்கல."

"எந்தப் பொண்டாட்டி, புருஷன் பொணம் கிடக்கும்போது விழாவுக்குப் போயி, பொடி பூசிக்கிட்டு வருவா? எங்க வீட்டு எருமை செத்தாக்கூட எங்கம்மா அன்னிக்குப் பொட்டு வைக்கமாட்டா."

"பூரி சாப்பிட்டியா?" என்றான் ஒருவன். "மண்டபத்துல பூரியாமே."

டேக் பகதூர் மணலில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. "அது வாயால ஒண்ணும் சொல்லவேணாம், நவராஜ்," என்றார். "மூஞ்சியே சொல்லிடுச்சு. இதுங்களுக்கு எல்லாம் வேஷம்னு நான் அன்னிக்கே சொன்னேன். என் பொண்ணையும் வேஷம் கட்ட வெச்சுது."

நீருவுக்குப் பதில் இருந்தது. தான் காய்ச்சலில் கிடந்தபோது கோமா ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டது, சம்பாதித்ததில் இதே டேக் பகதூரின் மருந்துக்குப் பெயர் சொல்லாமல் கொடுத்தனுப்பியது, எல்லாம் இருந்தது. முகத்தில் அபீரை வைத்துக்கொண்டு அவற்றைச் சொல்ல வாய் வரவில்லை. கல்லின்மேல் உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தால் மஞ்சள் துணி தெரிந்தது. அதற்கு மேல் வரக்கூடாது என்று நவராஜ் காலால் மணலில் கோடு போட்டான்.

ஜீப் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். சூடாமணி இறங்கினார். முகம் கழுவியிருந்தார், தொப்பி இல்லை. பின்னால் சிர்ஜனா, கேமரா இல்லாமல், கைபேசியோடு. சொன்னபடி வந்துவிட்டார். நீரு எழுந்து நின்றாள்.

அவர் நேராக டேக் பகதூரிடம் போய்க் காலைத் தொட்டார். நவராஜைக் கட்டிக்கொண்டார். காதா ஒன்றை உடல்மேல் போர்த்தினார். பிறகு நவராஜின் தோளில் கை போட்டு நீரோரமாக நடத்திக்கொண்டு போனார். காற்று நீரு பக்கம் அடித்தது, பேச்சு கேட்டது.

"ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போகட்டுமே நவராஜ்."

"பொண்டாட்டின்னு சொல்லி விடமாட்டோம். நாளைக்கு ஊர் எங்களோட தண்ணி பொழங்குமா? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, தலைவரே. அவளைக் கட்டிக்குடுக்கணும்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"அந்தச் சட்டத்தை மண்டபத்துல வெச்சுக்குங்க. மேயர் தேர்தலுக்கு நிக்கிறீங்கன்னு கேள்வி. எங்க தெருவுல எத்தனை வீடுன்னு உங்களுக்குத் தெரியும்."

சூடாமணி அவன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"சரி. மித்தினின்னு சொன்னா?"

நவராஜ் தலையைச் சொறிந்தான். மொட்டை அடித்த பாதியில் சவரச் சோப்பு காய்ந்திருந்தது. மித்தினி என்றால் சடங்கு செய்து, வெற்றிலை பாக்கு மாற்றி ஆக்கிக்கொள்கிற தோழி. சாதி தடையில்லை. உடன்பிறந்தவளுக்குச் சமம். அவளுக்குத் தீட்டும் உண்டு, அழ உரிமையும் உண்டு. ஊரில் பாதிப் பெண்களுக்கு ஒரு மித்தினி இருக்கிறாள்.

"மித்தினின்னா விடலாம்," என்றான். "ஆனா எல்லார் எதிர்லயும் சொல்லணும்."

சூடாமணி நீருவிடம் வந்தார். குந்தி உட்கார்ந்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"ஒரு வார்த்தைதான் தங்கச்சி. நீ பொண்டாட்டிங்கிறது ஆபீஸ்ல பத்திரமா இருக்கு, அதை எவனும் அழிக்க முடியாது. இங்க இவனுங்களுக்கு ஒரு வார்த்தை வேணும். குடுத்துட்டுப் போ. முகத்தைப் பாக்கணுமா வேணாமா?"

"அதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?"

"வேற எதுக்கு? உள்ள விடச் சொல்லத்தானே."

"பொண்டாட்டின்னு சொல்றதுக்கு."

"சொல்லியாச்சேம்மா. ஊரே கேக்க மைக்ல சொன்னேன்." அவர் குரலில் லேசான சலிப்பு வந்தது. "இங்க அது எடுபடாது. நேரம் ஆகுது, பாரு. பண்டிதருக்கு இன்னொரு இடம் போகணுமாம்."

பண்டிதர் செருமினார். யாரோ சுள்ளியை ஒடித்துச் சேர்த்தார்கள். சூடாமணி அவளையே பார்த்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து, விழாவில் பேசிய அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இவ கோமாவோட மித்தினி. நான் பொறுப்பு. தண்ணி குடுக்கட்டும்."

டேக் பகதூர் தலையசைத்தார். ஆட்கள் விலகினார்கள். வழி திறந்திருந்தது. அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிர்ஜனா தூரத்தில் கைபேசியைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள், பதிவு ஆகிக்கொண்டிருந்தது.

நீரு நடந்தாள்.

"முதல்ல மூஞ்சியைக் கழுவச் சொல்லுங்க," என்றார் பண்டிதர். "வகிட்டுல இருக்கிறதையும்."

தண்ணீரில் இறங்கிக் கழுவினாள். வகிட்டில் இறங்கியிருந்த பொடி ஈரம் பட்டுப் பிடித்துக்கொண்டது. நகத்தால் சுரண்டினாள். கணவனை இழந்தவளுக்கு இதை நாலு பெண்கள் கூட நின்று செய்வார்கள். நீரு தானே செய்துகொண்டாள். சிவப்பு கொஞ்ச தூரம் ஓடிக் கலைந்தது.

துணியை விலக்கினார்கள். கோமாவின் நெற்றியில் தையல் இருந்தது. யாரோ அவளுக்குக் காதில் கம்மல் போட்டு, கையில் வளையல் அடுக்கியிருந்தார்கள். நீருவுக்குத் தெரிந்த நாளாக அவள் வளையல் போட்டதில்லை. நீரு கையில் தண்ணீர் எடுத்து உதட்டில் விட்டாள். அது கடைவாயில் வழிந்தது. இன்னொரு கை எடுக்கப் போனாள்.

"மித்தினிக்கு ஒருதரம் போதும்," என்றார் பண்டிதர்.

நவராஜ் தீ வைத்தான்.

விறகு பச்சை, மெதுவாகத்தான் பிடித்தது. ஆட்கள் கல்லில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் அடுப்பில் போட்ட டீயைக் குடித்தார்கள். நீருவுக்கும் ஒரு கண்ணாடித் தம்ளர் கொடுத்தார்கள். கோட்டுக்கு உள்ளே உட்கார அவளுக்கு இப்போது இடம் இருந்தது. டேக் பகதூர் தன் தோள் துண்டை எடுத்துச் சூடாமணியின் கழுத்தில் போட்டு, "நீங்க இல்லேன்னா இன்னிக்கு அசிங்கமா போயிருக்கும்," என்றார். சூடாமணி கை கூப்பினார்.

வயதான ஒருவர் நீரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். வெளியூர் உறவினர்; அவருக்கு ஒன்றும் தெரியாது. அன்பாகக் கேட்டார்.

"நீ என்ன சாதிப் பொண்ணு, தாமாங்கா?"

"ஆமா."

"மித்தினிக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கியே. நல்ல மனசு. வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சூடாமணி வேகமாக இடையில் புகுந்தார்.

"கல்யாணம் ஆகல, தாத்தா."

"ஆகலையா? வயசு இருக்கே. பண்ணிக்கம்மா. தனியா எத்தனை நாள் ஓட்டுவ."

"பண்ணிடலாம், பண்ணிடலாம்," என்றார் சூடாமணி. நவராஜ் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. சிரித்தார். "நல்ல பையனாப் பாருங்க. நம்ம வார்டுலயே பதிவு பண்ணிடறேன். முதல் ஆளா நானே கையெழுத்துப் போடறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். சாவு வீட்டுச் சிரிப்பு, அடக்கமாக. நவராஜும் சிரித்தான். பதற்றம் தணிந்துவிட்டது.

நீரு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"முதல்ல இவ எரிஞ்சு முடியட்டும், தலைவரே," என்றாள்.

"அதுவும் சரிதான்," என்றார் அவர். மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போய், பிடிக்காமல் இருந்த ஒரு பக்கத்து விறகைத் தள்ளிவிட்டார்.